மனத்துக்கு ஒத்துவரும் இடிஎஃப்: சிங்கப்பூரில் முதன்முறை வாங்குவோருக்கு

எஸ்டிஐ (ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்) குறியீடு என்ற பங்குப் பட்டியலைப் பின்தொடரும் இடிஎஃப் ஒன்றை, அதாவது பங்குபோலவே சந்தையில் வாங்கி விற்கக்கூடிய நிதி ஒன்றை, வாங்கினால், சிங்கப்பூரின் 30 பெரிய நிறுவனங்களில் உங்களுக்கும் ஒரு துளி பங்கு வந்துவிடும். புதிதாக முதலீடு செய்பவர்களுக்கு எல்லாரும் முதலில் கைகாட்டுவது அதைத்தான். அந்த முப்பதுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாங்குபவர்கள் மிகக் குறைவு. ஏறக்குறைய பாதி எடை டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி ஆகிய மூன்று வங்கிகளுக்கு. வட்டித் தொழிலில் பணம் போடக்கூடாது என்று நினைக்கும் முஸ்லிம் குடும்பத்துக்கு அங்கேயே வழி அடைபட்டுவிடும். எஸ்டி எஞ்சினியரிங் ராணுவத் தளவாடங்களும் செய்கிறது. வில்மாருக்குச் செம்பனை எண்ணெய் பெரிய தொழில். செந்தோசாவில் சூதாட்டக்கூடம் நடத்தும் கெந்திங் சிங்கப்பூரும், மது தயாரிக்கும் தாய்பெவ்வும் பல ஆண்டுகளாக அந்தப் பட்டியலில் இடம்பிடித்து வந்தவை.

இதில் நிதியை நடத்துபவர்மேல் குறை எதுவும் இல்லை. இடிஎஃப் தானாக யோசித்துப் பங்குகளைத் தேர்ந்தெடுப்பதில்லை. குறியீட்டு நிறுவனம் எழுதிய விதிப்புத்தகம் என்ன சொல்கிறதோ அதை அப்படியே வாங்கி வைத்துக்கொள்கிறது. ஆகவே நீங்கள் தேர்ந்தெடுப்பது உண்மையில் ஒரு விதிப்புத்தகத்தை. அட்டையில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் விதியைப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டால், இந்த வேலையில் பெரும்பகுதி முடிந்தது.

தொடங்குமுன் ஒன்று. கடன் அட்டை நிலுவை இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள். ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியே ஒதுக்குங்கள். சிங்கப்பூர்ச் சேமிப்புப் பத்திரத்தை 500 வெள்ளியிலிருந்து வாங்கலாம். அந்தப் பணத்துக்கு அது நல்ல இடம். பங்கு இடிஎஃப்பில் போடுவது குறைந்தது ஏழெட்டு ஆண்டுகளுக்குத் தொடத் தேவைப்படாத பணமாக இருக்கட்டும்.

முதல் படி: எல்லைக்கோட்டை எழுதுங்கள்

ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் "கூடவே கூடாது", வலப்பக்கம் "விருப்பமில்லை, ஆனாலும் பொறுத்துக்கொள்வேன்". புகையிலை, மது, சூதாட்டம், ஆயுதம், நிலக்கரி, எண்ணெய், வட்டி, இறைச்சித் தொழில், விலங்குச் சோதனை, செம்பனைத் தோட்டம் என்று மனத்தில் இருப்பதையெல்லாம் இரண்டில் ஒன்றில் போடுங்கள். இடப்பக்கத்தில் மூன்றுக்கு மேல் வேண்டாம். கண்டிப்பு கூடக் கூடப் பொருந்தும் நிதிகள் குறையும். ஐந்தாறு தடைகளையும் ஒருசேர நிறைவேற்றும் நிதியைத் தேடிக்கொண்டே ஆண்டுக்கணக்கில் பணத்தைச் சும்மா வைத்திருப்பவர்கள் உண்டு.

பிறகு ஒவ்வொன்றுக்கும் அளவு வையுங்கள். சிகரெட் தயாரிக்கும் நிறுவனமும் சிகரெட்டை அலமாரியில் வைத்து விற்கும் பேரங்காடியும் உங்களுக்கு ஒன்றா? பெரும்பாலான விதிப்புத்தகங்கள் இவற்றைப் பிரித்தே பார்க்கின்றன. தயாரித்தால் முழுத் தடை. விற்பனை மட்டும் என்றால் மொத்த வருமானத்தில் 5 விழுக்காடு போன்ற ஒரு வரம்புவரை விட்டுவிடுவார்கள். "துளியும் கூடாது" என்று நீங்கள் எழுதியிருந்தால் பேரங்காடிகள், விமான நிறுவனங்கள், ஹோட்டல்கள் என எல்லாமே போய்விடும். எங்கள் கருத்தில், தயாரிப்புக்கு முழுத் தடையும் விற்பனைக்கு 5 விழுக்காடு வரம்பும் புதியவர்கள் கடைப்பிடிக்கக்கூடிய நேர்மையான அளவு.

இரண்டாம் படி: விதி எந்த வகை என்று பாருங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், ஆகவே நிதானமாகப் பார்ப்போம். "இஎஸ்ஜி" (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம்), "நிலைத்தன்மை", "பொறுப்பு" என்ற சொற்களுக்குக் கீழே ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று வகை விதிகள் இருக்கின்றன.

முதல் வகை விலக்கும் விதி. குறிப்பிட்ட தொழில்களை அகற்றிவிட்டு மீதியை அப்படியே வைத்துக்கொள்ளும். வேன்கார்டின் அமெரிக்க இஎஸ்ஜி பங்கு இடிஎஃப் இப்படிப்பட்டது: மது, புகையிலை, சூதாட்டம், ஆயுதம், ஆபாசத் தொழில், புதைபடிவ எரிபொருள் எல்லாம் வெளியே. தாளில் எழுதிய எல்லைக்கோட்டோடு நேரடியாக ஒப்பிட்டுப் பார்க்க இந்த வகையே எளிது.

இரண்டாவது, துறைக்குள் சிறந்தவர்களைப் பொறுக்கும் விதி. வளர்ந்த நாடுகளின் பங்குகளைக் கொண்ட எம்எஸ்சிஐ வேர்ல்டு குறியீட்டில் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் இருக்கின்றன. அதே குடும்பத்தின் எஸ்ஆர்ஐ (சமூகப் பொறுப்பு முதலீடு) குறியீடு முதலில் பல தொழில்களை விலக்கிவிட்டு, மிஞ்சியதில் ஒவ்வொரு துறையிலும் இஎஸ்ஜி மதிப்பீட்டில் முன்னால் நிற்கும் கால்பங்கை மட்டும் எடுக்கிறது. கண்டிப்பானதுதான். ஆனால் நிறுவனங்களின் எண்ணிக்கை சுருங்குவதால், மேலே உள்ள பத்து நிறுவனங்களின் எடை கூடும்.

மூன்றாவது, சாய்க்கும் விதி. ஏறக்குறைய எல்லாரையும் வைத்துக்கொண்டு, நல்ல மதிப்பெண் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் எடை கூட்டும், மற்றவர்களுக்குக் குறைக்கும். இஎஸ்ஜி என்று பெயர் இருந்தும் உள்ளே எண்ணெய் நிறுவனங்கள் இருப்பதைக் கண்டு அதிர்ந்துபோகிறவர்கள் பெரும்பாலும் இந்த வகையை வாங்கியவர்கள்.

இதற்குக் காரணம் மதிப்பெண் போடும் முறை. இஎஸ்ஜி மதிப்பீடு, ஒரு நிறுவனம் உலகுக்கு எவ்வளவு நல்லது செய்கிறது என்பதை அளப்பதில்லை. சுற்றுச்சூழல், தொழிலாளர், நிர்வாகம் சார்ந்த ஆபத்துகளால் அந்த நிறுவனத்தின் லாபம் எவ்வளவு பாதிக்கப்படலாம், அதை அது தன் துறைப் போட்டியாளர்களைவிட நன்றாகச் சமாளிக்கிறதா என்பதைத்தான் பெரும்பாலும் அளக்கிறது. 2022 மே மாதத்தில் எஸ் அண்ட் பி 500 இஎஸ்ஜி குறியீட்டிலிருந்து மின்வாகன நிறுவனமான டெஸ்லா நீக்கப்பட்டது. எக்ஸான்மொபில் உள்ளேயே இருந்தது. டெஸ்லாவின் பணியிடப் புகார்களும் தன்னோட்ட விபத்துகள் மீதான விசாரணையும் அதன் மதிப்பெண்ணை இறக்கின. எக்ஸான் தன் துறைக்காரர்களோடு மட்டுமே ஒப்பிடப்பட்டது. விதிப்படி பிழையே இல்லை. ஆனால் "எண்ணெயே வேண்டாம்" என்று தாளில் எழுதியவருக்கு அந்தக் குறியீடு உதவாது.

"குறைந்த கரிமம்" என்ற சொல்லையும் கவனமாக அணுகுங்கள். பெரும்பாலான குறைந்த கரிமக் குறியீடுகள், நிறுவனம் நேரடியாக வெளியிடும் கரிமத்தையும் அது வாங்கும் மின்சாரத்தால் வரும் கரிமத்தையும் வருமானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன. வங்கிக்குப் புகைபோக்கி இல்லை. அது கடன் கொடுக்கும் எண்ணெய்க் கிணற்றின் புகை இந்தக் கணக்கில் சேராது. ஆகவே குறைந்த கரிமப் பட்டியலில் வங்கிகள் மேலே வந்து நிற்கும். 2022இல் தொடங்கிய லயன்-ஓசிபிசி செக்யூரிட்டிஸ் சிங்கப்பூர் லோ கார்பன் இடிஎஃப் 50 நிறுவனங்களை வைத்திருக்கிறது; அதன் உச்சியிலும் நம் மூன்று வங்கிகளைத்தான் காண்பீர்கள். அவை மூன்றும் புதிய நிலக்கரி மின்னிலையங்களுக்குக் கடன் தருவதை நிறுத்தப்போவதாக 2019 ஏப்ரலில் அறிவித்தன. அது உங்களுக்குப் போதுமா என்பது நீங்கள் முடிவுசெய்ய வேண்டியது.

மூன்றாம் படி: பெயருக்குப் பின்னால் சட்டம் என்ன சொல்கிறது

சிங்கப்பூர் நாணய ஆணையம் சில்லறை முதலீட்டாளர்களுக்கான இஎஸ்ஜி நிதிகளுக்கு 2023 ஜனவரி 1 முதல் விதிகள் வைத்திருக்கிறது. பெயரில் இஎஸ்ஜி என்றோ அதுபோன்ற சொல்லோ இருந்தால், நிதியின் நிகரச் சொத்தில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு அந்தக் கொள்கைப்படி முதலீடு செய்யப்பட வேண்டும். சில தொழில்களை விலக்குவது மட்டுமே செய்தால் அதை இஎஸ்ஜி நிதி என்று கருதமாட்டார்கள். மீதி மூன்றில் ஒரு பங்கு எங்கே போகிறது என்பதை விளக்க ஆவணத்தில் நீங்கள்தான் தேட வேண்டும்.

லண்டன் சந்தையில் விற்கும் அயர்லாந்து நிதிகளுக்கு ஐரோப்பிய விதி இன்னும் இறுக்கம். 2025 மே 21 முதல், பெயரில் இஎஸ்ஜி அல்லது சுற்றுச்சூழல் சார்ந்த சொல் வைத்திருக்கும் பழைய நிதிகளும் குறைந்தது 80 விழுக்காட்டை அந்தக் கொள்கைப்படி முதலீடு செய்ய வேண்டும். சில நிறுவனங்களை அறவே விலக்கவும் வேண்டும். நிலக்கரியிலிருந்து 1 விழுக்காடு, எண்ணெயிலிருந்து 10 விழுக்காடு, எரிவாயுவிலிருந்து 50 விழுக்காடு அல்லது அதற்கு மேல் வருமானம் ஈட்டுபவை, புகையிலை பயிரிட்டுத் தயாரிப்பவை, கொத்துக்குண்டு போன்ற தடைசெய்யப்பட்ட ஆயுதங்களோடு தொடர்புள்ளவை ஆகியன விலக்கப்படும். "டிரான்சிஷன்" (படிப்படியாக மாறுதல்) என்ற சொல் பெயரில் இருந்தால் எரிபொருள் தடைகள் பொருந்தா. ஒரே ஒரு சொல்லால் உள்ளடக்கம் இவ்வளவு மாறும். சாதாரணத் துப்பாக்கி, போர் விமானம், மது, சூதாட்டம் எதையும் இந்தச் சட்டம் தொடவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: பட்டியலைத் திறந்து தேடுங்கள்

நிதி நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் முழுப் பங்குப் பட்டியலை எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். பலர் முதல் பத்துப் பெயர்களோடு நின்றுவிடுகிறார்கள். முழுக் கோப்பையும் இறக்கி, தேடல் பெட்டியில் பெயர்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். புகையிலைக்கு பிலிப் மோரிஸ், ஆல்ட்ரியா, பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ, ஜப்பான் டொபாக்கோ. ஆயுதத்துக்கு லாக்ஹீட் மார்ட்டின், ஆர்டிஎக்ஸ், பிஏஇ. எண்ணெய், நிலக்கரிக்கு எக்ஸான்மொபில், ஷெல், கிளென்கோர். சூதாட்டத்துக்கு கெந்திங், மெரினா பே சேண்ட்ஸை வைத்திருக்கும் லாஸ் வேகாஸ் சேண்ட்ஸ். மதுவுக்கு டியாஜியோ, ஹைனகென். டைகர் பீர் ஹைனகெனுடையது.

இந்திய நிதி வாங்க நினைப்பவர்கள் ஐடிசி, கோல் இந்தியா இரண்டையும் கட்டாயம் தேடுங்கள். ஐடிசி என்றதும் ஆசீர்வாத் ஆட்டாவும் சன்ஃபீஸ்ட் பிஸ்கட்டும் நினைவுக்கு வரும். லாபத்தின் பெரும்பகுதி சிகரெட்டிலிருந்து வருகிறது. நிஃப்டி 50ஐப் பின்தொடரும் நிதியில் இரண்டும் இருக்கும்.

கோப்பில் இன்னும் இரண்டு பாருங்கள். முதல் பத்துப் பங்குகளின் எடையைக் கூட்டுங்கள். பாதியைத் தாண்டினால் அது பரவலான நிதி அல்ல, சில நிறுவனங்களின் மேல் வைக்கும் பந்தயம். நிதியின் மொத்தச் சொத்து 5 கோடி வெள்ளிக்குக் கீழே நீண்டகாலமாகத் தேங்கி நின்றால், ஒருநாள் மூடப்படலாம். மூடினால் பணம் திரும்பி வரும், ஆனால் உங்களுக்கு வசதியில்லாத நேரத்தில், அன்றைய விலையில்.

குறிப்பிட்ட நம்பிக்கை உள்ளவர்களுக்கு

ஷரியா முறைப்படி வேண்டுமென்றால், லண்டனில் விற்கும் ஐஷேர்ஸ் எம்எஸ்சிஐ வேர்ல்டு இஸ்லாமிக் இடிஎஃப்பிலிருந்து தொடங்கலாம். வழக்கமான வங்கி, காப்புறுதி, மது, பன்றி இறைச்சி, சூதாட்டம் தொடர்பான நிறுவனங்களை அதன் குறியீடு விலக்குகிறது. கடன் மொத்தச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலும் வெளியே. ஆகாத வழியில் கலந்து வரும் சிறு வருமானத்தைத் தர்மத்துக்குக் கொடுத்துத் தூய்மைப்படுத்தும் கடமை தனியே இருக்கிறது. எவ்வளவு என்பதை உங்கள் ஆலிமிடம் கேளுங்கள்.

விலங்குப் பொருள்களைத் தவிர்ப்பவர்களுக்கு, விலங்குச் சுரண்டலை விலக்கும் யுஎஸ் வீகன் கிளைமேட் இடிஎஃப் 2019இலிருந்து அமெரிக்கச் சந்தையில் இருக்கிறது. ஆண்டுக் கட்டணம் 0.60 விழுக்காடு; சாதாரண அமெரிக்கக் குறியீட்டு நிதியைப் போலப் பல மடங்கு. கூடவே அமெரிக்க வரியும் சேரும்.

மத்திய சேமநிதிப் பணத்தைப் போட நினைத்தால் தேர்வு மிகச் சுருக்கம்: அனுமதிக்கப்பட்ட ஒருசில இடிஎஃப்கள் மட்டுமே, சாதாரணக் கணக்கில் 20,000 வெள்ளிக்கு மேல் உள்ள தொகையிலிருந்து. ஓய்வுக்காலத்துக்கான துணைச் சேமிப்புத் திட்டமான எஸ்ஆர்எஸ் கணக்கு வழியாகச் சிங்கப்பூர்ச் சந்தையில் உள்ள இடிஎஃப்களை வாங்கலாம்.

ஐந்தாம் படி: நிதி எந்த நாட்டில் பதிவானது

சிங்கப்பூரில் தனிநபர்களின் முதலீட்டு லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் அமெரிக்கா தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் அனுப்பும். இரு நாடுகளுக்கும் இடையில் வருமான வரி ஒப்பந்தம் இல்லாததால், அமெரிக்காவில் பதிவான இடிஎஃப் தரும் ஈவுத்தொகையில் (பங்குதாரர்களுக்குப் பகிரும் லாபத்தில்) 30 விழுக்காடு வரியாகப் பிடிக்கப்படும். அயர்லாந்தில் பதிவான நிதியாக இருந்தால், அதற்குள் வரும் அமெரிக்க ஈவுத்தொகையில் 15 விழுக்காடு மட்டுமே போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈவுத்தொகை ஆண்டுக்கு 1.5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க நிதியில் வரி 0.45, கட்டணம் 0.09, ஆக 0.54 விழுக்காடு. அயர்லாந்து நிதியில் வரி 0.225, கட்டணம் 0.20, ஆக 0.425. கட்டணம் இருமடங்குக்கு மேல் தெரிந்த நிதிதான் கடைசியில் மலிவு. கட்டணத்தை மட்டும் ஒப்பிடும் விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அமெரிக்கக் குடிமகனாகவோ வாசியாகவோ இல்லாத ஒருவர் இறக்கும்போது அவரிடம் 60,000 அமெரிக்க டாலருக்கு மேல் அமெரிக்கச் சொத்து இருந்தால், மிகுதிக்கு 40 விழுக்காடுவரை மரபுரிமை வரி விழலாம். அமெரிக்க இடிஎஃப்பும் அமெரிக்கச் சொத்துதான். பிள்ளைகளுக்காகச் சேர்ப்பவர்கள் அயர்லாந்து நிதியையே முதலில் பார்க்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இந்தியக் குடிமக்களாக இங்கே வேலை பார்ப்பவர்கள், ஊர் திரும்பி அங்கே முழு வரிவாசியாக மாறிய பிறகு வெளிநாட்டுச் சொத்துகளையும் அவற்றின் வருமானத்தையும் வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டிவரும். திரும்பும் எண்ணம் இருந்தால் வாங்கிய நாள், விலை, நாணய மாற்று விகிதம் மூன்றையும் இன்றிலிருந்தே எழுதி வையுங்கள்.

ஆறாம் படி: கணக்குத் திறந்து வாங்குதல்

தரகர் உரிமம் பெற்றவரா என்பதை நாணய ஆணையத்தின் நிதி நிறுவனப் பட்டியலில் பாருங்கள். வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் "பசுமை முதலீடு", "ஹலால் முதலீடு" என்று உறுதியான லாபம் பேசுபவர்கள் வந்தால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799ஐ அழையுங்கள். உண்மையான இடிஎஃப் எதுவும் லாபத்துக்கு உறுதி தராது.

சிங்பாஸ் இருந்தால் கணக்குத் திறப்பது எளிது. சிங்கப்பூர்ப் பங்குகளை உங்கள் பெயரிலேயே மத்திய வைப்பகமான சிடிபியில் வைத்திருக்கலாம், அல்லது தரகரின் பொறுப்பில் விடலாம். வெளிநாட்டுப் பங்குகள் தரகரின் பொறுப்பில்தான் இருக்கும். வெளிநாட்டுச் சந்தையில் வாங்குமுன் ஆபத்து எச்சரிக்கை அறிக்கை ஒன்றில் கையெழுத்துக் கேட்பார்கள். படித்துவிட்டுப் போடுங்கள்.

சிறு தொகைக்காரர்களை அரித்துவிடுவது தரகுக் கட்டணம். குறைந்தபட்சத் தரகு 25 வெள்ளி என்றால், மாதம் 200 வெள்ளிக்கு வாங்குபவர் வாங்கும்போதே 12.5 விழுக்காட்டை இழக்கிறார். அந்தத் தரகின் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் உண்டு. அதே கட்டணத்தில் 2,500 வெள்ளிக்கு வாங்கினால் 1 விழுக்காடு. ஆகவே ஒன்று, குறைந்தபட்சத் தரகு இல்லாத மாதாந்தரத் திட்டத்தில் சேருங்கள். இல்லையேல் பணத்தைச் சேர்த்துவைத்து ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வாங்குங்கள்.

வாங்கும்போது சந்தை விலை ஆணை (கிடைக்கும் விலைக்கு வாங்கு என்பது) போடாதீர்கள், வரம்பு விலை ஆணை (இந்த விலைக்கு மேல் வாங்காதே என்பது) போடுங்கள். இஎஸ்ஜி இடிஎஃப்கள் பலவற்றில் வியாபாரம் குறைவு. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அதிகம். இடைவெளி 0.5 விழுக்காட்டைத் தாண்டினால் அன்று விட்டுவிடுங்கள். லண்டனில் விற்கும் அமெரிக்கப் பங்கு நிதியை, நியூயார்க்கும் திறந்திருக்கும் நேரத்தில் வாங்குங்கள். கோடையில் நம் நேரப்படி இரவு 9.30 முதல் 11.30 வரை, குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் தள்ளி. அப்போதுதான் உள்ளே இருக்கும் பங்குகளுக்கு நேரடி விலை இருக்கும், இடைவெளியும் சுருங்கும். சிங்கப்பூர்ச் சந்தையில் ஓர் இடிஎஃப்புக்குக் குறைந்தபட்ச யூனிட் எத்தனை என்பதையும் முன்பே பாருங்கள்; நிதிக்கு நிதி வேறுபடும்.

ஆண்டுக்கொரு முறை

எஸ்டிஐ பட்டியல் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களில் மறுபரிசீலனை செய்யப்படுகிறது. மற்றக் குறியீடுகளுக்கும் இப்படிக் கால அட்டவணை உண்டு. நேற்று இல்லாத பெயர் இன்று உள்ளே வரலாம். குறியீடே மாறுவதும் உண்டு: சிங்கப்பூர்ச் சந்தையில் சாதாரண இந்தியக் குறியீட்டைப் பின்தொடர்ந்து வந்த ஐஷேர்ஸ் நிதி, பிறகு இந்தியா கிளைமேட் டிரான்சிஷன் என்று பெயரும் விதியும் மாறியது. நிதியிலிருந்து அறிவிப்பு மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடாமல் படியுங்கள்.

நிதி நிறுவனம் உங்கள் சார்பில் எப்படி வாக்களிக்கிறது என்பதையும் பாருங்கள். பங்குச் சந்தையில் நீங்கள் வாங்குவதும் விற்பதும் இன்னொரு முதலீட்டாளரோடு நடக்கும் பரிமாற்றம். அதனால் நிறுவனத்தின் கல்லாவுக்கு நேரடியாகக் காசு போவதுமில்லை, குறைவதுமில்லை. நிறுவனத்தை அசைக்கும் வலு வாக்கில் இருக்கிறது, அந்த வாக்கு நிதி நிறுவனத்தின் கையில். எஸ்டிஐ இடிஎஃப்களில் ஒன்றை நடத்தும் ஸ்டேட் ஸ்ட்ரீட், பருவநிலை முதலீட்டாளர் கூட்டணியான கிளைமேட் ஆக்ஷன் 100+ அமைப்பிலிருந்து 2024 பிப்ரவரியில் விலகியது. பருவநிலைதான் உங்கள் முதல் அக்கறை என்றால், நிதி நிறுவனம் வெளியிடும் வாக்களிப்பு அறிக்கையைக் கட்டணத்துக்கு இணையாக மதித்துப் படியுங்கள்.

புதிதாக நுழைந்த பெயர் உங்கள் இடப்பக்கப் பத்தியில் இருந்தால், முதலில் அதன் எடையைப் பாருங்கள். 0.1 விழுக்காடு என்றால் நிதி நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிவிட்டு அடுத்த மறுபரிசீலனைவரை பொறுக்கலாம். 2, 3 விழுக்காடு என்றால் மாறுங்கள். இங்கே மூலதன ஆதாய வரி இல்லாததால், மாறுவதற்கு ஆகும் செலவு இரண்டு முறை தரகும் விலை இடைவெளியும் மட்டும்தான்.